மூன்றாம் எண் பாய்

பாயில் குப்புறப் படுத்ததும் ஐல்சா முதலில் வாயைக் காலி செய்வாள். கன்னத்தில் ஒதுக்கிய மிட்டாயை நொறுக்கி விழுங்கிவிட்டு, இடுப்பை இரண்டு முறை அசைத்து, முழங்கையை ஊன்றி, துப்பாக்கிக் கட்டையில் கன்னம் சாய்ப்பாள். அதற்குள் பக்கத்துப் பாய்க்காரனிடம் சொல்ல ஏதாவது நினைவுக்கு வந்துவிடும்.

வடக்கு ஸ்காட்லாந்தில் எங்கள் துறைமுக ஊரின் கேடட் படையில் அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு. வயது பதினைந்து. செவ்வாய்க்கிழமைதோறும் சுடுதளத்தில் மதிப்பெண் எழுதுவது என் வேலை. இவ்வளவு கை அசையாமல் சுடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இவ்வளவு வாய் ஓயாதவர்களைப் பார்த்ததே இல்லை. கேட்டால், "மூச்சைப் பாதி விட்டுட்டுச் சுடணும்னு சொல்றீங்க. பேசினாத்தானே பாதி போகும்?" என்பாள்.

சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் குறிகாரர் சின்னத்துக்காக இரண்டு முறை சுடும் தேர்வுக்குப் போய்விட்டாள். முதல் முறை சிரிப்பில் போனது, அடுத்தது தும்மலில். போன வாரம் மூன்றாம் முறை. பக்கத்தில், நான்காம் எண் பாயில், ஃபெர்கஸ்.

"கண்ணை மூடிட்டுச் சுடுடா. போன வாரத்துக்கு அது தேவலை."

"நீ வாயை மூடிட்டுச் சுடு, போதும்."

அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக் குறி பார்த்தாள். ஐந்து தோட்டாக்கள். ஒருமுறைகூடத் தோள் நகரவில்லை.

பயிற்சி தரும் சார்ஜென்ட் மன்ரோ குறி அட்டைகளைக் கழற்றி வந்தாள். ஐல்சாவின் அட்டை கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. ஃபெர்கஸின் அட்டையில் பத்து ஓட்டை. ஐந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக, மற்ற ஐந்தும் நடுவில், ஒரு காசை வைத்து மூடிவிடலாம்.

"உனக்கு அஞ்சு தோட்டாதானே குடுத்தேன்?"

"ஆமா சார்ஜென்ட். குட்டி போட்டிருக்கும்."

"எந்த அஞ்சு உன்னோடது?"

"அழகா இருக்கிற அஞ்சு."

ஐல்சாவின் காது சிவந்தது. "அது என்னோடது. இவன்கிட்ட பேசிட்டுத் திரும்பினேன், இவன் அட்டையைப் பார்த்துட்டேன்."

"தெரியும், சும்மா கேட்டுப் பார்த்தேன்," என்றான் ஃபெர்கஸ்.

சார்ஜென்ட் அந்த நடு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படிச் சுட்டதுக்கு நான் எப்படிடீ மார்க் போடாம..."

"அடுத்தவன் அட்டையில சுட்டா சைபர்னு நீங்கதானே சொன்னீங்க." என்றாள் ஐல்சா.

நான் பேனாவைத் திறந்தேனே தவிர, எழுத மனம் வரவில்லை. ஐல்சாவே பேனாவை வாங்கித் தன் பெயருக்கு நேரே பெரிதாக, உருண்டையாக ஒரு பூஜ்யம் போட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பாதி மூச்சை விட்டுவிட்டு, சரியாக அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.