வலப்பக்க மீசை

அந்த முடிதிருத்துபவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். மீசை ஒரு பக்கம் மயிரிழை இறங்கினாலும் அவருக்குப் பொறுக்காது.

ஒரு நாள் மச்சானுக்கு மீசை ஒதுக்கும்போது வலப்பக்கம் இறங்கித் தெரிந்தது. கத்தரித்தார். மறுபடியும் இறங்கியது. இன்னும் கத்தரித்தார்.

"ஆடாம உக்காரு, மச்சான்!" என்று எரிந்து விழுந்தார். பதிலுக்கு மச்சான் சொன்னது குழறியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இறங்கியது மீசையல்ல, வாய்.

"ரெண்டு கையையும் தூக்கு!"

வலக்கை எழவில்லை. கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார். பக்கவாதம் என்று உடனே மருந்து ஏற்றினார்கள்.

தேறி வந்த மச்சான் அதே நாற்காலியில் உட்கார்ந்து சண்டை பிடித்தார்.

"அரை மீசையோட ஆஸ்பத்திரி பூரா காட்டிட்டியே, மானமே போச்சு!"

"சரி பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போயிருந்தா மீசை அழகா இருந்திருக்கும். அதை முறுக்கக் கைதான் வந்திருக்காது."