திருநீறு பூசிய வால்வு

என் காரின் பின்கதவைத் திறந்தால் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் இருக்கும். பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய்கள் சிவப்பாக எரியுமே, அதே வால்வுதான். இந்தக் காலத்தில் யாராவது காருக்குள் அதை வைப்பார்களா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரான அலோர் காஜாவில் நிறைய உண்டு. நான் வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடிக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகரம் வெட்டும் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தேன். காதில் வைக்க அடைப்பான் கொடுத்தார்கள். அதை வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது. கேட்காவிட்டால் ஏச்சு விழும். அதனால் பாதி நேரம் அது சட்டைப் பையில்தான் கிடக்கும். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் மெல்லிய, கூர்மையான ஒலிகள் விழுவதில்லை. ஆனால் அதே ஒலி கொஞ்சம் பலமாக வந்தால் ஊசியால் குத்துவதுபோல வலிக்கும். கேட்காத சத்தம் எப்படி வலிக்கும் என்று டாக்டரிடமே சண்டை பிடித்தேன். இந்த மாதிரிக் காதுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்.

இப்போது மஸ்ஜித் தானாவில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்காருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், மென்மையாகப் பேசுகிறவர்கள். இன்னொரு முறை சொல்லுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று நாள் முழுக்கக் கேட்டு, அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்து, சாயங்காலம் காரில் ஏறும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். வீடு போய்ச் சேரும்வரை பாட்டு கேட்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்தப் பயணம் மட்டும்தான்.

என் தம்பிக்குக் கார் ஆடியோ என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவன் காரில் பின்னிருக்கை கிடையாது. அந்த இடம் முழுக்க ஸ்பீக்கரும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும்தான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடி எனக்குச் சொல்லிவிடும். அவன்தான் முதலில் என் காரிலும் ஒரு டிரான்ஸிஸ்டர் பெட்டியைப் பாசத்தோடு மாட்டிக் கொடுத்தான். அதில் சத்தத்தைக் கூட்டினால் ஜால்ரா வந்து காதில் குத்தும். குறைத்தால் பாடகியின் குரல் காணாமல் போகும். பாட்டைக் கேட்பதற்குப் பதில் குமிழைத் திருகிக்கொண்டே ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில் மின்விசிறியைப் பழுது பார்க்கத் தெங்கேராவில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். அவர் யாரோ விற்றுவிட்டுப் போன கார் வால்வு ஆம்ப்ளிஃபையரை மேசையில் வைத்து ஓடவிட்டிருந்தார். பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கைப்பேசியிலிருந்து அதில் போடச் சொன்னேன். குரல் கெட்டியாக, முழுசாக வந்தது. ஊசி இல்லை. கடைசியில் மின்விசிறியை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்தேன்.

தம்பி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னக்கா இது? சூடாவுற வரைக்கும் பாட்டே வராது. பேட்டரிய வேற குடிக்கும். எஸ்டேட் ரோட்டுல குழில விழுந்தா டிங்குனு மணி அடிக்கும். வாட்ஸும் இல்ல. டிரான்ஸிஸ்டர்னா கிளீன் லா, சூடும் கம்மி, போட்டத அப்படியே கொடுக்கும்."

"தெரியும்டா."

"இது பாட்ட மாத்திக் கொடுக்குதுக்கா. மீட்டர் வச்சுக் காட்டவா? தப்பாக் கொடுக்குது."

"எனக்கு அந்தத் தப்புதான் வேணும்."

"டியூப்லைட்டுக்கு டியூப் ஆம்ப்தான் சரி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. குழியில் விழுந்தால் வால்வு மணி அடிக்கத்தான் செய்கிறது, யாரோ டம்ளரைத் தட்டியதுபோல. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பின்னால் அடுப்பு எரிகிற மாதிரிதான் இருக்கும். நல்ல காது உள்ளவர்கள் தாராளமாக டிரான்ஸிஸ்டர் வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் காதுக்குச் சரியானதை என் காதில் திணிப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆயுத பூசை வந்தது. நாங்கள் பிறந்த எஸ்டேட் தோட்டத்தில் இப்போது குடியிருப்பவர்கள் குறைவு. ஆனால் பூசையன்று எல்லா வண்டியும் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு வந்துவிடும். லாரி, ஃபேக்டரி பஸ், மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் வரிசையாக நின்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆடியோ வைத்திருக்கும் பையன்கள் பின்கதவைத் திறந்து வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சந்தனப் பொட்டு உண்டு. பூசாரி செம்பும் மாவிலையுமாக வந்து உள்ளேயும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்.

நான் சாமிப் பாட்டை ஓடவிட்டிருந்தேன். பூசை வால்வுக்கே போய்ச் சேரட்டும் என்று மேலே இருந்த கம்பி வலையையும் கழற்றி வைத்தேன். நாலு வால்வும் விளக்கு ஏற்றியதுபோல எரிந்தன. பெருமையாகத்தான் நின்றேன்.

"சாமி, அக்கா கண்ணாடிக்கு நல்லாத் தெளிங்க," என்றான் தம்பி, பக்கத்து வண்டியிலிருந்து.

பூசாரி தாராளமாகத் தெளித்தார். சடக்கென்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. ஒரு வால்வில் விரிசல் ஓடியிருந்தது. அதன் உச்சியில் உள்பக்கம் வெள்ளி பூசியதுபோல மின்னும் இடம், எங்கள் கண்ணெதிரிலேயே பாலாக வெளுத்தது.

"ஐயோ, திருநீறு பூசுன மாதிரி ஆயிடிச்சே!" என்றார் பின்னால் நின்ற ஓர் அத்தை. அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. சாமியே வந்து பூசி, அதன் கதையை முடித்துவிட்டது என்றார்கள். பூசாரி செம்பைக் கீழே வைத்தார்.

"ஆத்தாவுக்குப் பிடிக்கல போலம்மா. எடுத்துடு."

தம்பி இப்போது கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. உண்மையான பயத்தோடு, "சாமி உத்தரவுக்கா. கழட்டிடலாம்," என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "கொதிக்கிற கண்ணாடியில பச்சத் தண்ணி ஊத்துனா உடையாம என்ன செய்யும்? இதுக்கு ஆத்தாவ ஏன் இழுக்கிறீங்க? நான் ஒரு பாட்டு கேக்கக்கூடாதுன்னு அவ ஏன் சொல்லப் போறா?"

சாமி சந்நிதியில் ஒரு பொம்பளை இப்படிப் பேசலாமா என்ற பார்வைதான் பதிலாக வந்தது. நான் பின்கதவைச் சாத்தினேன்.

ஆனாலும் வால்வு உடைந்தது உடைந்ததுதான். அன்று சாயங்காலமே தம்பி தன் டிரான்ஸிஸ்டர் பெட்டியை மறுபடியும் மாட்டிவிட்டான். வயரையெல்லாம் அழகாக மடித்துக் கட்டி, தரையைக்கூடத் துடைத்துக் கொடுத்தான். அவன் மனசு நோகக்கூடாது என்று நானும் முயன்று பார்த்தேன். அடிச்சத்தமான பேஸ் நன்றாகத்தான் இருந்தது, திட்டமாக, ஒழுங்காக. குரல் ஏறும் இடத்தில் ஊசி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகு அதை அணைத்துவிட்டேன். வேலை முடிந்து டயர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தொழிற்சாலை என் காதை எடுத்துக்கொண்டது போதாதென்று, இவர்கள் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டதாகத் தோன்றியது. அப்படி விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தெங்கேராவுக்குப் போனேன். கடைக்காரர் வெளுத்த வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதை யார் குளிப்பாட்டியது என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். கண்ணாடி விரிந்து காற்று உள்ளே போனால் அந்த வெள்ளிப் பூச்சு இப்படித்தான் வெளுக்குமாம். அதே ரகத்தில் இன்னொன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தம்பியின் பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதை நானே மாட்டினேன்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாமி வேண்டாம் என்றதை மறுபடியும் வைத்திருக்கிறாளாம். எனக்குச் சளி பிடித்தாலும் வால்வு, கடையில் வியாபாரம் குறைந்தாலும் வால்வு. தம்பி என் காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் போகமாட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். போனேன். வரிசையில் நடுவில் நிறுத்தி, பின்கதவை அகலத் திறந்து வைத்தேன். பூசாரி என் காரைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"சாமி, இங்கயும் வாங்க."

"போன வருசம்..." என்று இழுத்தார்.

"அணைச்சு, ஆற வச்சிருக்கேன். தண்ணி வேணாம். பெட்டி மேல சந்தனம் மட்டும் வைங்க."

அவர் சுற்றியும் முற்றியும் பார்த்தார். பிறகு குனிந்து சந்தனமும் குங்குமமும் வைத்தார். திருநீறும் வைங்க சாமி, நம்ம கையாலயே இருக்கட்டும் என்றேன். அதையும் பூசினார்.

நான் பின்கதவைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். வால்வு சூடாகும்வரை பாட்டு வராதில்லையா? கூட்டம் வேறு வேலை இருப்பதுபோல நடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. இடப்பக்கக் கதவு திறந்தது. தம்பி ஏறி உட்கார்ந்தான். இருவரும் காத்திருந்தோம்.

பாட்டு மெல்ல வந்தது. அவன் தலையைச் சாய்த்து, தொழில் பார்க்கிறவன்போல உன்னிப்பாகக் கேட்டான்.

"ஹையே இல்லையேக்கா. மேல் சத்தம் எல்லாம் மழுங்கிப் போயிருக்கு."

"என் காதுலயும் இல்லடா."

குமிழைத் திருக நீட்டிய கையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு காரை எடுத்தேன்.