தகர மூடி

ஆறு வருடங்களுக்கு முன், எருமப்பட்டி அருகே ஒரு கோழித் தீவன ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். ஓய்வு பெற இரண்டு மாதம்தான் பாக்கி.

மக்காச்சோளம் அரைக்கும் இயந்திரத்தின் பேரிங்கில் வயர் இல்லாத சென்சாரைப் பொருத்தச் சொன்னது நான்தான். எலி கடிக்க வயர் கிடையாது. தூசிக்குள் ஏணி போட்டு ஏற வேண்டாம். சூடு எவ்வளவு என்று கைபேசியிலேயே தெரியும். ஒருமுறை மோட்டார் எரிந்துபோகாமல் காப்பாற்றியும் கொடுத்தது. அதன்பின் அதை முழுதாக நம்பிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு ஆலையை நிறுத்தி, இயந்திரங்களைக் கழுவிப் பெயின்ட் அடித்தார்கள். சென்சார் நனையக் கூடாதென்று தகரத்தில் மூடி செய்து நானே கவிழ்த்து வைத்தேன். மறுநாள் ஆலை ஓடத் தொடங்கியபோது அதை எடுக்க மறந்தேன்.

அன்று முற்பகல், தீவன மூட்டை தைக்கும் அம்மா என்னிடம் வந்தார். "அரவை மெஷின் பக்கம் தீயற வாசம் வருதுங்க. ஒரு எட்டு வந்து பாருங்க சார்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைபேசியைப் பார்த்தேன். முப்பத்தாறு டிகிரி. பூஜை சாம்பிராணி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லையா என்று கேலி செய்தேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சாம்பிராணி வாசம் எனக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தகரத்துக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வரவில்லை. ஆலை நின்றிருந்தபோது வந்த கடைசி அளவே திரையில் நின்றது. ஓடுகிற பேரிங் அவ்வளவு குளிர்ந்திருக்காது என்பது படித்த எனக்கு உறைக்கவில்லை. அரைமணி நேரத்தில் பேரிங் இறுகி, மாவுத் தூசியில் தீப்பிடித்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தவர் அந்த அம்மாதான். இரண்டு கைகளும் வெந்துபோயின.

விசாரணையில் சென்சார் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். மூடியைப் பற்றியோ, அவர் வந்து எச்சரித்ததைப் பற்றியோ எழுதவில்லை. அனுமதியின்றி அருகே போனது அவருடைய கவனக்குறைவு என்று நிர்வாகம் ஒரு வரி சேர்த்தது. அதன் கீழும் கையெழுத்திட்டேன்.

ஓய்வு பெற்றபின், உண்மையைச் சொல்லிவிட அவர் வீட்டுக்குப் போனேன். விரல்கள் ஒட்டிப்போன கையால் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "அந்தத் தகர மூடிய நானும் பாத்தனுங்க சார். ரிட்டயர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க வம்புன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க."

நடந்ததையெல்லாம் எழுதி அடுத்த வாரமே ஆலைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் கைகளும் திரும்பி வரப்போவதில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். நாற்காலியை விட்டு எழும் ஒவ்வொரு முறையும், அன்று நான் எழாதது நினைவுக்கு வருகிறது.