இன்னைக்கு வெட்டில்லே

பாறசாலைக் கடைத்தெருவில் உள்ள ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் பினு உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடி பிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. வயது நாற்பத்தேழு. இருபத்தொரு வருடமாக அதே ஸ்டூல். முன்பக்கத்தில் யாராவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையில் எழுத்து வாசிக்கிற நேரம் பார்த்து அவர்களுடைய போன் அடிக்கும். ‘இன்னைக்கு வெட்டில்லே, நாளைக்கு உண்டு’ என்று ஒரு குரல் உறுமும். பின்னால் டிரம் இடிக்கும். பினு மிஷினை நிறுத்தமாட்டார். அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் அவர்தான் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

வெட்டு என்றால் அந்தப் பக்கத்தில் ரப்பர் வெட்டு. பினுவின் அப்பா பொன்னுதாஸுக்கு வெள்ளறடையில் வீடு, அம்பூரிக்குப் போகிற வழியில் ஒரு சரிவில் முந்நூறு மரம் வெட்டுகிற வேலை. மரம் அவருடையதல்ல, கத்தி மட்டும் அவருடையது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போவார். மழை பிடித்துவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் மரத்தில் கட்டிய சிரட்டைக்குள் விழாமல் மரத்தோடு வழிந்துவிடும். வாசலில் நின்று துண்டைப் பிழிந்தபடி, “இன்னைக்கு வெட்டில்லே” என்பார். அடுக்களையில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாத அந்த இடத்தைப் பார்த்து, “நாளைக்கு உண்டு” என்பார். பிறகு ஈரத்தலையோடு வந்து பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார். அம்மாவுக்கு அது கூலி இல்லாத நாள். பினுவுக்கு அப்பா வீட்டில் இருக்கிற நாள். பாட்டு வந்தது அங்கிருந்துதான்.

தொண்ணூற்றொன்பதில் ஊர் சர்ச்சின் பாடகர் குழுவில் இருந்த பினுவும் இன்னும் மூன்று பேரும் தனியாகச் சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்த பிறகே கோவிலுக்குள் நுழைகிறவர்கள் என்று உபதேசியார் திட்டுவார். அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: செகண்ட் பெல். சஜன் டிரம் அடித்தான். அவனுடைய மாமா சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கிதார் பினுவின் கையில் இருந்தது. மெட்டு வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை.

“இங்கிலீஷ்ல எழுதினா நமக்கே புரியாதுலே. வாயில வாறதைப் பாடு” என்றான் சஜன்.

பினு பாடினார். சஜன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். “எலே, இது பாட்டாலே? லீவு லெட்டராக்கும்.”

ஆனாலும் அதைத்தான் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் மழைச்சத்தம் வேண்டும் என்று பினு பிடிவாதம் பிடித்ததால் சஜன் ஒரு எவர்சில்வர் தட்டில் கடுகைக் கொட்டினான். மெதுவான பாட்டு. சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, நடுவில் வலுத்து, பிறகு ஓய்ந்துவிடும். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் பாடினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாறசாலையில் பாடினார்கள். பொன்னுதாஸ் எதற்கும் வந்ததில்லை. மூன்று மணிக்கு எழுகிறவர் ஏழு மணிக்குப் படுத்துவிடுவார். ‘இது உம்ம வார்த்தையாக்கும் அப்பா’ என்று சொல்ல பினுவுக்குக் கூச்சம். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தது அப்படியே போயிற்று. குழுவும் மூன்று வருடத்தில் கலைந்தது. பினுவுக்குக் கண்ணாடிக்கடை, கல்யாணம், ஜின்சி என்று ஒரு மகள். சஜன் சார்ஜாவுக்குப் போனான். போய்ப் பல வருடம் கழித்து அந்த கேசட்டை யூடியூபில் ஏற்றிவிட்டான். ஆயிரத்து நூறு பேர் பார்த்தார்கள். பாதி சஜனே பார்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். நல்ல மரியாதை.

“சார், உங்க பாட்டை எங்க பேண்ட்ல பாடலாமா? உங்க பேரைப் போடுவோம். ஒரு வார்த்தையைக்கூட மாத்தமாட்டோம் சார்.”

“பாடு மக்கா. அதுக்கென்ன?”

சொன்னபடியே செய்தார்கள். பெயரைப் போட்டார்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. வேகத்தை மட்டும் மூன்று மடங்காக்கினார்கள். வீடியோவில் சிவப்பு வெளிச்சத்தில் அருவாளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு பேர் நடந்து வருகிறார்கள். பாடகன் எதிரில் நிற்பவனின் கன்னத்தைத் தட்டி, “இன்னைக்கு வெட்டில்லே” என்கிறான். பிறகு கையை மேலே தூக்கி ஒரு கணம் நிறுத்துகிறான். “நாளைக்கு உண்டு” என்று கை இறங்குகிறது. நாலு கோடி பேர் பார்த்தார்கள். அருமையாகப் பாடியிருந்தான். அதைப் பினுவே சொல்வார்.

சென்னைக்காரனுக்கு ரப்பர் வெட்டு தெரியாததில் ஆச்சரியமில்லை. வெட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் பஸ் ஸ்டாண்டில் கையைத் தூக்கி இறக்கியபோதுதான் பினு சஜனைக் கூப்பிட்டார்.

“அர்த்தமே மாறிப்போச்சுலே சஜா.”

“வார்த்தை மாறல்லே இல்லியா?”

“இல்லே.”

“உன் பேரு உண்டா?”

“உண்டு.”

“பின்ன எந்த ஸ்டேஷன்ல போய்ப் புகார் குடுப்பே? எனக்க பாட்டை என்னைவிட நல்லாப் பாடிட்டான் ஏட்டையான்னா? நாலு கோடியாக்கும் மக்கா. கிடந்து உறங்கு.”

பினு கிடந்தார், உறங்கவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் போகட்டும், அப்பாவுக்கு மட்டும் தெரியவேண்டும் என்று தோன்றியது. பொன்னுதாஸுக்கு எழுபத்தொன்பது. காதில் மிஷின். வெட்டை விட்டுப் பத்து வருடமாயிற்று. இருக்கிற நாளில் அந்த வார்த்தை யாருடையது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டி, “அப்பா, இது நீங்க சொன்ன வார்த்தையாக்கும்” என்றார்.

பொன்னுதாஸ் அருவாள்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “நான் ஒருத்தனையும் வெட்டினதில்லே மக்கா. எனக்க பேரை எங்கயும் சொல்லியிராதே” என்றார்.

இன்னொரு நாள் பழைய பதிவைப் போட்டுப் போனை அவர் காதருகில் பிடித்தார். கடுகு தட்டில் விழுந்தது.

“மழையாக்கும்” என்று பொன்னுதாஸ் எழுந்துவிட்டார். “ரெஜிலா, கொடியில துணி கிடக்கு பாரு!”

பினுவின் மனைவி ரெஜிலா வெளியே ஓடி, வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். “கேட்டியளா, வயசானவரை இப்படி ஓடவும் சாடவும் வைக்காண்டாம். ஜின்சிக்க ரிசப்ஷனுக்கு எப்படியும் கானமேளை உண்டு. பெரிய ஸ்பீக்கர். மேடையில ஏறி அவருக்குக் கேக்க ஒரு தடவை பாடிட்டு, இதை விடுங்க.”

மே மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரன், நிஜின், நல்ல கலகலப்பான பையன். கோவிலில் ஆராதனை முடிந்து, மண்டபத்தில் சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்குக் கானமேளை. பினு முந்தின வாரமே கீபோர்டுக்காரன் ஜெயனிடம் பேசியிருந்தார்.

“சேட்டா, ஒரிஜினல் ஸ்பீடில் அல்லே?” என்றான் ஜெயன். சென்னைப் பாட்டைத்தான் இப்போது எல்லாரும் ஒரிஜினல் என்கிறார்கள்.

“அல்ல. பைய. மழை சாறுற மாதிரி.”

“ஓ, அன்ப்ளக்ட்! செய்யாம் சேட்டா.”

பொன்னுதாஸை முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேராக உட்காரவைத்தார்கள். புது வேட்டி, சட்டைப்பையில் காதுமிஷினின் டப்பா. பினு மேடையேறி மைக்கைப் பிடித்தார். மேடையில் பாடி இருபது வருடத்துக்கு மேலாயிற்று. “இந்தப் பாட்டு எனக்க அப்பாவுக்கு” என்றார். கைதட்டினார்கள். அதோடு நிறுத்தாமல் வெட்டு என்றால் என்ன என்பதையும் சொல்லியிருக்கலாம். வீட்டில் நாலு வரி எழுதிக்கூட வைத்திருந்தார். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஜெயன் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டான். சொட்டு விழுவதுபோலவே இருந்தது. பினு பாடினார்.

“இன்னைக்கு… வெட்டில்லே…”

பொன்னுதாஸ் தலையைச் சாய்த்தார். காதில் கையை வைத்துக்கொண்டார். பினு அதைப் பார்த்தார். அந்த ஒரு வரி முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார்.

பின்வரிசையில் ஒரு விசில் கிளம்பியது. மாப்பிள்ளையின் கூட்டுக்காரர்கள் பதினைந்து பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் டிரம்காரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு தட்டு தட்டினான், பிறகு இன்னொன்று. பினு திரும்பி, வேண்டாம், நிறுத்து என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அதுதான் பிசகிப்போயிற்று. வீடியோவில் பாடகன் அருவாளை இறக்குவதற்கு முன்னால் கையைத் தூக்கி நிறுத்துவான் இல்லையா, அப்படியே இருந்தது. மண்டபம் முழுக்கக் கை மேலே போயிற்று. பாயசக் கப்போடு நின்ற பெண்கள்கூடத் தூக்கினார்கள். டிரம்காரன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கத் தொடங்கினான். “நாளைக்கு உண்டு!” என்று முந்நூறு பேர் கத்தினார்கள். பினு மெதுவாகப் பாடிப் பார்த்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆற்று வெள்ளத்தில் இறங்கின மாடுபோல இழுத்த பக்கம் போனார். இரண்டாவது சரணத்தில் அவர் வாய் தானாகவே சென்னைக்காரனின் வேகத்தைப் பிடித்துக்கொண்டது. நன்றாகவும் இருந்தது. அதுதான் கொடுமை.

பாடிக்கொண்டே முதல் வரிசையைப் பார்த்தார். பொன்னுதாஸ் முகத்தைச் சுளித்துக் காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து, அதை வைத்து, மூடி, பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒன்றும் கேட்காத முகத்தோடு, பேத்தியின் கல்யாணத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியபோது ஜெயன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “சேட்டா, ஒரிஜினல் போலே தன்னே!”

வீட்டுக்கு வந்து படியேறும்போது ரெஜிலா, “அப்பா முதல் வரி கேட்டாருல்லா?” என்றாள்.

“கேட்டாருண்ணு தோணுது.”

“அது போதும்” என்றாள். போதும் என்று அவளுக்கே தோன்றவில்லை என்பது குரலில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஜின்சியும் நிஜினும் மறுவீட்டுக்கு வந்து தங்கினார்கள். மறுநாள் காலை எழும்போது மழை. அந்த வருடத்து முதல் கனத்த மழை. பொன்னுதாஸ் வாசல் சிட்அவுட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்புறத்து ரப்பர் மரங்களில் மழைக்கான பிளாஸ்டிக் கட்டியிருந்தது. மழையானாலும் வெட்டு நடக்கட்டும் என்றுதான் இப்போது கட்டுகிறார்கள். இருந்தாலும் அவர் மழையைப் பார்த்து, யாரிடமும் இல்லாமல், ஐம்பது வருடமாகச் சொன்னதுபோலச் சொன்னார்:

“இன்னைக்கு வெட்டில்லே.”

சாயை டம்ளரோடு வந்த நிஜினுக்குப் புரையேறியது. “பாட்டா! உங்களுக்கும் அந்தப் பாட்டு தெரியுமா?” காதருகில் குனிந்து, “நாளைக்கு உண்டா?” என்று சத்தமாகக் கேட்டான்.

பொன்னுதாஸ் வானத்தைப் பார்த்தார். யோசித்தார். “மழை விட்டா உண்டு” என்றார்.

“ஐயோ பாட்டா, சூப்பர்! இருங்க, இருங்க.” நிஜின் போனை எடுத்தான். “கையையும் காட்டுங்க பாட்டா. வெட்டு காட்டுங்க.”

பினு கதவருகில் வந்து நின்றது அப்போதுதான். கையில் முறுக்குத் தட்டு.

புது மாப்பிள்ளை கேட்கிறான், செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பொன்னுதாஸ் கையைத் தூக்கினார். இல்லாத கத்தியை விரல்கள் பிடித்தன. இடப்பக்கத்தில், நெஞ்சுக்கு நேராக வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, வலப்பக்கம் சரிவாகக் கீழே இழுத்தார். கோடு போட்டதுபோல ஒரே சீர். தோள் அசையவே இல்லை. கத்தி பட்டையில் ஆழமாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்கிற கை. பாட்டு இவ்வளவுதான். பினுவின் பாட்டில் இதற்குமேல் ஒன்றும் இல்லை.

“அப்படி இல்லே பாட்டா” என்றான் நிஜின். போனைப் பின்னால் வந்த ஜின்சியிடம் கொடுத்துவிட்டு, கிழவரின் கையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினான். “மேல இருந்து. இந்தா, இப்படி.”

“நிஜின்” என்றார் பினு.

“என்ன மாமா?”

அவனும் கிழவரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒரே மாதிரிச் சிரித்த முகத்தோடு. அப்பாவை இவ்வளவு குஷியாகப் பார்த்து வெகு நாளாயிற்று.

“ஒண்ணுமில்லே மக்கா. சாயை ஆறுது.”

பொன்னுதாஸ் கையை உயரத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, விசையோடு இறக்கினார். பிறகு நிஜினைப் பார்த்து, “செரியா மக்கா?” என்று கேட்டார்.

“இப்பம் செரி, பாட்டா.”