கேள்வி முடியுமுன் மணி

பதில் தெரியாதவருக்கு வெட்கம் ஒரு நிமிடம்தான். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி வாசிக்கிறவனுக்குக் கிழமையில் ஏழு நாளும் ஏச்சு. கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கி பிடித்தவர்கள், பள்ளிக்கூடப் போட்டிக்கு நடுவராகப் போய்ப் பெற்றோரிடம் அகப்பட்டவர்கள், கோயில் கூட்டத்தில் நன்றியுரை சொல்லும்போது ஒரு பெயரை விட்டவர்கள் எல்லோரும் என் ஆட்கள். உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கோப்பாயில் ஒரு மேல்மாடியில் இயங்கும் சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் நான் 'முந்திச் சொல்லுங்கோ' என்ற பொது அறிவுப் போட்டியை நடத்துகிறேன். அதற்கு முன்னர் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொன்னவன். குரல் கணீரென்று இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். முதல் மாதம் நான் திரையில் வந்து "வணக்கம்" சொன்னதும் சில வீடுகளில் யார் செத்தது என்று கேட்டார்களாம்.

ஐம்பதிலிருந்து

போட்டி லேசானது. மூன்று பேர் இருப்பார்கள். பலகையில் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் புள்ளியிலிருந்து ஐம்பது புள்ளி வரை ஐந்து பெட்டிகள். ஒருவர் பெட்டியைச் சொன்னால் நான் கேள்வியை வாசிப்பேன். மேசை மணியை முதலில் அடிக்கிறவர் பதில் சொல்லலாம். சரி என்றால் புள்ளி கூடும், பிழை என்றால் அதேயளவு குறையும். ஏதோ ஒரு பெட்டிக்குள் 'இரட்டிப்பு' ஒளிந்திருக்கும். அதை எடுத்தவர் மட்டும் தன்னிடமுள்ள புள்ளிகளில் விரும்பியதை வைத்து விளையாடலாம்.

எங்கள் போட்டியாளர்கள் மிகவும் பண்பானவர்கள். பத்தில் தொடங்கிப் படிப்படியாக இருபது, முப்பது என்று ஏறுவார்கள். இரண்டு பேருக்குப் பதில் தெரிந்தால் "நீங்கள் அடியுங்கோ" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை ஒளிப்பதிவுக்கு ஜெசிந்தா வந்தார். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். இடம்பெயர்ந்தோர் முகாமில் வளர்ந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, இராணுவத்திடமிருந்து ஊர் விடுபட்ட பிறகு திரும்பிப்போய்க் குடியேறியவர். முப்பத்தாறு வயது. கைப்பையில் பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்று, அட்டை போய், நூலால் கட்டியபடி.

முதல் வாய்ப்பு அவருக்கு. "விஞ்ஞானம் ஐம்பது" என்றார். வாய் தவறிவிட்டது என்று நினைத்து, பத்திலிருந்து தொடங்கலாமே என்றேன். வேண்டாம், ஐம்பதே இருக்கட்டும் என்றார். அடுத்து வரலாறு ஐம்பது. அங்கிருந்து விளையாட்டு ஐம்பது. நாலாவது பெட்டியில் இரட்டிப்பு அகப்பட்டது. எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாம் என்றார். நான் இரண்டாம் தரமும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பொறுமையாக, எல்லாம் என்றுதான் சொன்னேன் என்றார். பதிலும் சரி. பக்கத்தில் இருந்த மாவட்டக் கச்சேரி அரசாங்க உத்தியோகத்தர் அதுவரை மணியில் கை வைத்திருக்கவில்லை.

ஒளிப்பதிவு முடிந்ததும் கமெராவுக்குப் பின்னால் நின்ற துசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணை, நான் கமெராவைத் திருப்ப முந்தி அந்த அக்கா அடுத்த பெட்டிக்குப் போட்டா."

கணவாயின் உடம்பில்

வென்றவர் தோற்கும் வரை ஒவ்வொரு கிழமையும் வந்து விளையாடலாம். ஜெசிந்தாவின் இரண்டாம் கிழமை அதைவிட மோசம். கடலில் பிடிபடும் கணவாயைப் பற்றி ஒரு கேள்வி. நான் "கணவாயின் உடம்பில்..." என்று தொடங்கினேன். மணி அடித்தது. "மூண்டு இதயம்" என்றார் ஜெசிந்தா. பதில் சரி. ஆனால் கேள்வியில் இன்னும் மூன்று சொல் மிச்சம் இருந்தது. பக்கத்திலிருந்தவர் எழும்பி, கை எத்தனை என்றுகூடக் கேள்வி இருந்திருக்கலாம்தானே என்று வாதிட்டார். ஜெசிந்தா அவருக்கு மறுமொழி சொன்னார்: கை எத்தனை என்பது சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும், அதை ஐம்பது புள்ளிக்கு யார் வைப்பார்கள்?

எங்கள் மொழியில் கேள்வியின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. எது, யார், எத்தனை, எல்லாம் வாலில்தான் வரும். அந்த வாலைக் கேளாமலே பிடிக்கிறதுதான் ஜெசிந்தாவின் கெட்டித்தனம். பெட்டியின் புள்ளியைப் பார்த்து, கேள்வி எவ்வளவு கடினமாக இருக்கும் என்று கணித்து, மிச்சத்தைத் தானே முடித்துவிடுவார். சில தரம் பிழைக்கும், ஐம்பது போகும். முகம் வாடாமல் அடுத்த ஐம்பதை எடுப்பார்.

அந்தக் கிழமை பருத்தித்துறை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் குரலை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார். டிக்கெட் எடுத்த கையோடு முறைப்பாடு தொடங்கியது: "தம்பி, நீங்கள் கேள்வியை முடிச்சவுடனை நாங்கள் வீட்டிலை ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை பிடிக்கிறனாங்கள். இப்ப அந்தப் பிள்ளை எங்களுக்குச் சண்டை பிடிக்கவும் நேரம் தாறதில்லை."

கத்தி தொண்டையில் இருக்கும்போது

ஐந்தாம் கிழமை வெற்றியோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. முடி வெட்டப் போன இடத்தில் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. சலூன்காரர் ஜெசிந்தாவுக்கு எதிர்க்கட்சி. அறிவுப் போட்டி என்றால் அமைதியாக இருந்து யோசித்துச் சொல்ல வேண்டும், இது மீன் ஏலம் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற ஆட்களை மனிதராகவே மதிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே என் தாடையில் சவர்க்காரம் பூசினார். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள் என்று கேட்டபோது சவரக்கத்தி என் தொண்டைக்கு வந்திருந்தது.

முறைக்குக் காத்திருந்த ஓய்வுபெற்ற தபாற்காரர் பேப்பரை இறக்கினார். அவர் சட்டத்தை மட்டும் பார்க்கிறவர். மணியை எப்போது அடிக்க வேண்டும் என்று விதி ஏதும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று மெல்லத் தலையாட்டினேன். பிறகு சலூன்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நிகழ்ச்சிக்குப் பேர் 'முந்திச் சொல்லுங்கோ'. முந்திச் சொல்லுறது பண்பில்லை எண்டால், பேரைப் 'பொறுத்துச் சொல்லுங்கோ' எண்டு மாத்தச் சொல்லுமன்."

திங்கட்கிழமை மாஸ்டர்

திங்கட்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு நிலையத்துக்குத் தொலைபேசி வரும். கோப்பாயிலேயே இருக்கும் சிவபாதம் மாஸ்டர். நாற்பது வருடம் கணிதம் படிப்பித்தவர், துசியின் அப்பாவுக்கும் படிப்பித்தவர். அறிவு என்றால் அதோடு அடக்கம் வரவேண்டும், கேள்வியை முழுதாகக் கேட்பது கேட்கிறவருக்குக் கொடுக்கிற மரியாதை, மணியை முந்தி அடிக்கக் கூடாது என்று விதி போடுங்கள் என்பார். கிழமைக்குக் கிழமை அதே கதைதான். ஆனால் எந்தக் கேள்விக்கு எத்தனையாவது சொல்லில் ஜெசிந்தா மணி அடித்தார் என்பதையும் கூடவே சொல்வார். அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்.

எங்கள் தயாரிப்பாளர் குணம் அண்ணைக்கு மாஸ்டரால் தொல்லை இல்லை. அவருடைய கவலை வேறு. ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் இருக்க ஆட்கள் வரமாட்டார்கள் போலிருந்தது. பெயர் கொடுத்திருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு அந்தக் கிழமை காய்ச்சல். நாலாவது ஆள் உண்மையைச் சொன்னார்: "தோக்கிறது பரவாயில்லை, அண்ணை. கேள்வி என்னண்டு தெரியாமலே தோக்கிறதுதான் வீட்டிலை சொல்லக் கூச்சமாக் கிடக்கு."

நான் மூச்சு எடுத்த இடம்

இனி எழுதுவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல. ஒன்பதாம் கிழமைக்கு முதல்நாள் குணம் அண்ணை என்னைக் கூப்பிட்டு, ஐம்பது புள்ளிக் கேள்விகள் இரண்டைக் கொஞ்சம் வளைத்து எழுதச் சொன்னார். எழுதினேன். "இலங்கையின் மிக உயரமான மலை" என்று வாசித்து, அந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும். மிச்சம்: "பிதுருதலாகல. இரண்டாவது எது?" மற்றது, "சூரியனுக்கு மிக அருகிலுள்ள கோள்" என்று வாசித்து மூச்சு. மிச்சம்: "புதன். ஆனால் மிக வெப்பமான கோள் எது?"

ஜெசிந்தா இரண்டிலும் விழுந்தார். முதல் தரம் மணி அடித்தவுடனேயே அவர் முகம் மாறியது. இவ்வளவு லேசான கேள்வி ஐம்பதில் வராது என்று மூளைக்கு விளங்கிவிட்டது, கைக்குத்தான் விளங்கவில்லை. நூறு புள்ளி போயிற்று. சபையில் யாரோ கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஜெசிந்தா பத்தும் இருபதுமாகப் பொறுக்கி எடுத்துக் கடைசியில் பத்துப் புள்ளியால் வென்றார். பரிசான சோற்றுக் குக்கரை வாங்கும்போது முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

துசி வயரைச் சுருட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். நின்று, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, இண்டைக்கு நீங்கள் மூச்சு எடுத்த இடம் சரியில்லை."

துறைமுகத்தில்

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. விடிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலிட்டிக்குப் போனேன். வள்ளங்கள் வந்து, சீமெந்துத் தரையில் மீன் குவிந்திருந்தது. ஜெசிந்தா ஒரு கூடை பாரையை ஏலம் கூறிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அவருடைய மணியடியை ஏலப் பழக்கம் என்று சொல்லியதால் நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் போனேன். அவரோ ஒரு விலையைச் சொல்லி, எல்லாருடைய முகத்தையும் பார்த்து, திரும்பவும் சொன்னார். சைக்கிளில் மீன் விற்கும் வயதானவர் ஒருவர் கேட்பதா விடுவதா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஜெசிந்தா மூன்றாம் தரம் சொல்லவில்லை. அந்த மனுசன் தலையை நிமிர்த்தும் வரை காத்து நின்றார்.

ஏலம் முடிந்து கை கழுவ வந்தபோது கேட்டேன், இங்கே இவ்வளவு பொறுமை, அங்கே ஏன் அந்த அவசரம் என்று. "இது அவையின்ரை பிழைப்பு, அண்ணை. இதிலை நான் அவசரப்படக் கூடாது. அது விளையாட்டு" என்றார். முகாமில் இருந்த காலத்தில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்தானாம். பக்கம் திருப்புவதற்குள் வாசித்து முடித்தால்தான் உண்டு. அந்த நாலு பேரும் வைத்த போட்டிதான் தனக்குத் தெரிந்த விளையாட்டு என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் துக்கம் எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கேள்விகளை அவருக்கென்று வளைத்து எழுதியதையும், மூச்சு எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். தெரியும் என்றார். பக்கத்தில் கிடந்த வெறுங்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கேள்வியிலை பொறி வைக்கிறது பிழையில்லை. எனக்கு மட்டும் பாத்து வைக்கிறதுதான் பிழை."

திரும்பி வந்து குணம் அண்ணையிடம், வளைந்த கேள்வி என்றால் பத்துப் புள்ளியிலிருந்து எல்லாப் பெட்டியிலும் கலந்து வைப்போம், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஆளுக்கு இந்தக் குரல் இருக்காது என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

எண்களை, எண்களில்

பன்னிரண்டாம் கிழமைக்கு ஓர் ஆள் குறைந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணித் தொலைபேசியில் குணம் அண்ணை அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ஆட்கள் இல்லையென்றால் நான் வருகிறேன், எப்படி விளையாடுவது என்று நடத்திக் காட்டுகிறேன் என்றார் மாஸ்டர். சனிக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில், பையில் பேனையோடு வந்தார். ஜெசிந்தா எழும்பிக் கும்பிட்டு, கதிரையை இழுத்து விட்டார்.

மாஸ்டர் தமிழ் பத்தில் தொடங்கினார். கேள்வியை முழுதாகக் கேட்டு, தலையாட்டி, பிறகு மணிக்குக் கையைக் கொண்டு போனார். அதற்குள் அது ஜெசிந்தாவின் புள்ளியாகிவிடும். இடைவேளையில் ஜெசிந்தாவுக்கு நூற்றுத் தொண்ணூறு, மாஸ்டருக்கு இருபது, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. மாஸ்டர் தேநீரை இரண்டு வாய் மட்டும் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் "கணிதம் ஐம்பது" என்றார். நான் "ஒன்றிலிருந்து நூறு வரையுள்ள எண்களை..." என்றேன். மணி அடித்தது. யார் அடித்தது என்று நான் பலகையைப் பார்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர்தான். "ஐயாயிரத்து ஐம்பது" என்றார். கூட்டினால் வரும் தொகை, சரியான பதில். ஜெசிந்தா வாயில் கை வைத்துக்கொண்டு எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். 'எண்களில்' என்று வந்தால் வேறு கேள்வி, 'எண்களை' என்று வந்தால் கூட்டத்தான் வேண்டும் என்று படிப்பிக்கிற குரலில் விளக்கினார் மாஸ்டர்.

அடுத்துப் புவியியல் நாற்பது, அதுவும் பாதியில். மாஸ்டருக்கு நூற்றுப் பத்து. அடுத்த பெட்டியில் இரட்டிப்பு. எவ்வளவு என்று கேட்டேன். பேனையை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் என்றார். உலகின் மிகச் சிறிய சமுத்திரம் எது என்ற கேள்விக்கு ஆட்டிக் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருநூற்று இருபது. ஜெசிந்தா விடாமல் இன்னொரு இருபதை எடுத்தார், இருநூற்றுப் பத்து. கடைசிக் கேள்வி வளைத்து எழுதியது. இரண்டு பேரும் மணியில் கையை வைத்தபடி அடிக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டு முடியும் வரை கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பத்துப் புள்ளியால் மாஸ்டர் வென்றார்.

சபை எழும்பி நின்று தட்டியது. எல்லாருக்கும் முதல் தட்டியவர் ஜெசிந்தா. இப்படி விளையாட எங்கே பழகினீர்கள் என்று அவர் கேட்டபோது, மாஸ்டர் குக்கர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "பதினொரு கிழமையா உம்மை ஏசி ஏசிப் பாத்தனான், பிள்ளை. ஏச்சிலை பழகிப்போச்சு."

இப்போது மாஸ்டர் மூன்றாம் கிழமையாக வெற்றியாளர். ஜெசிந்தா அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானோ பாதிக் கேள்வி வாசித்துவிட்டு முழுச் சம்பளம் வாங்குகிறேன், அதைப் பற்றி யாரிடமும் முறைப்பாடு செய்கிற எண்ணம் எனக்கில்லை.