கறார் போட்ட டிக்

என் கடைசித் தங்கைக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணுக்கு வீட்டில் கறார் என்று பெயர். டீச்சர் பலகையில் போட்ட கணக்கில் பிழை பிடித்து, வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லி, வெளியே நின்றவள். அடுத்தவர் பிழை ஒன்றுகூட அவள் கண்ணிலிருந்து நழுவியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம்.

வாய்த்த கொழுந்தனோ கல்யாணத்தன்றே வம்பைத் தொடங்கினான். "அண்ணி, போட்டோவுக்காவது சிரிங்க, காசா பணமா?"

"பல்லைக் காட்டத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள் இவள்.

தலையெழுத்து, இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கு அது. எந்த அறையில் எத்தனை டிகிரி என்று கிடங்குக்காரர் பார்க்கிற கம்ப்யூட்டர் திரையை எழுதியவள் கறார். எண்களாக இருந்ததைக் கோட்டுப் படமாக்கச் சொன்னார் மேலாளர். நன்றாக முடிப்பவருக்குத் திரைப் பிரிவின் தலைமை என்றும் ஆசை காட்டினார். கொழுந்தன் முந்திக்கொண்டான். கோட்டுப் படம் வரைந்து தரும் ஜாவாஸ்கிரிப்ட் சார்ட் லைப்ரரி ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து அவள் திரைக்குள் பொருத்தினான். ஆனால் அவள் பார்த்து டிக் போட்டால்தான் அது கிடங்குக்குப் போகும்.

அவள் எழுதிய முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒருமுறை செய்த டிகிரிப் பட்டியலைத் தொடக் கூடாது. புது டிகிரி வந்தால், பழையவற்றையும் சேர்த்துப் புதுப் பட்டியலாகவே நீட்ட வேண்டும். புதுப் பட்டியல் என்றால் திரை படத்தை மறுபடி வரையும். அதே பட்டியல் என்றால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. கொழுந்தன் பழைய பட்டியலுக்குள்ளேயே புது டிகிரியைத் திணித்துவிட்டான். சோதிக்கும்போது பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததால் அவனுக்குக் கோடு சரியாகவே வந்தது. கிடங்கிலோ காலையில் திறந்த பக்கம் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். அங்கே கோடு நகராது.

வியாழக்கிழமை முதல் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிக் போட்டாள். திங்கட்கிழமை மேலாளருக்குக் காட்டும்போது படம் செத்துக் கிடக்கும், அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அவசரப்பட்டார். "திங்கள் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கிடங்குல போட்டுடுங்க."

கொழுந்தன் அவள் மேசையைத் தட்டினான். "என்ன அண்ணி, வயிறு எரியுதா? தண்ணி கொண்டு வரட்டா?"

சொல்ல வாயெடுத்தவள் அதோடு விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்றாம் அறையின் குளிர் இயந்திரம் நின்றது. திரையில் கோடு நாலு டிகிரியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மத்தியானம் பெட்டி எடுக்கக் கதவைத் திறந்த கிடங்குக்காரர் முகத்தில் வெக்கை அடித்தது. அந்த அறை மருந்து மொத்தமும் குப்பைக்கு.

மேலாளர் இருவரையும் நிற்கவைத்தார்.

"அண்ணிதானே பார்த்து டிக் போட்டாங்க" என்றான் கொழுந்தன்.

"கவனிக்காம விட்டுட்டீங்களாம்மா?" மேலாளர் வழி விட்டுத்தான் கேட்டார். ஆமாம் என்றிருந்தால் திட்டோடு போயிருக்கும்.

கொழுந்தன் விட்டால்தானே. "அண்ணிக்கும் கண்ணு மங்கிப்போச்சு சார்."

"யாருக்கு மங்கிச்சு? வியாழக்கிழமையே பார்த்தேன். எந்த வரின்னு சொல்லட்டுமா? நாப்பத்தொண்ணு!"

மேலாளர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "பார்த்துட்டா டிக் போட்டீங்க?"

அன்றே அவள் வேலை போயிற்று. தலைமை அவனுக்கும் இல்லை. வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அன்று மேசையை விட்டு எழுந்துபோகும் முன் கறார் அந்த வரியைத் திருத்தினாள். கோடு விருட்டென்று பதினேழு டிகிரிக்கு ஏறி நின்றதாம்.

என் தங்கை அழுதுகொண்டு வந்தாள். "அவளுக்காக அந்த மேலாளர்கிட்ட நீயாவது பேசேன் அக்கா."

"அந்த மருந்துக்குக் காத்துக்கிட்டிருந்தவங்ககிட்ட முதல்ல அவளைப் போய்ப் பேசச் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.