அவள் வைத்திருந்த ஆசனம்

நகரசபையின் மாதாந்த அமர்வுக்கு என் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன அந்த ஒரு வருடமும் எனக்கு வயிற்றெரிச்சல் தீரவே இல்லை. மருந்து குடித்து மாறுகிற எரிச்சல் அல்ல, பச்சைப் பொறாமை. அவள் உள்ளே போய்ப் பெயர்ப் பலகை வைத்த மேசைக்குப் பின்னால் இருப்பாள். நான் பொதுமக்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். அந்த மேசை எனக்கு வரவேண்டியது.

நடந்தது இதுதான். உள்ளூராட்சித் தேர்தலில் நாங்கள் சிலர் சுயேச்சைக் குழுவாக இறங்கினோம். நான் எங்கள் வட்டாரத்தில் நின்று தோற்றேன். ஆனால் நகரம் முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்ததில், விகிதாசாரப்படி குழுவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதற்கு யாரை அனுப்புவது என்று எங்களுக்குள்ளேயே அடிபிடி. தோற்ற எல்லோருக்கும் அது வேண்டும். பட்டியலில் பெண்கள் போதாது என்று நானே கையெழுத்து வாங்கிச் சேர்த்த பெயர் என் மனைவியுடையது. கடைசியில் அந்தப் பெயரில்தான் எல்லோரும் சமாதானமானார்கள். "முதல் வருசம் அவ இருக்கட்டும். பிறகு விலகி உங்களுக்குத் தரட்டும்" என்றார் குழுத் தலைவர். இப்படி ஆசனத்தைச் சுழற்சி முறையில் பங்கு போடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒரு வருடம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நகரசபை எப்படி ஓடுகிறது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். தவிசாளர் சபையை நடத்துவார், நிர்வாகம் செயலாளர் கையில். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போடாமல் ஒரு கல்லும் அசையாது. பாதீடு, அதுதான் வரவுசெலவுத் திட்டம், தோற்றால் தவிசாளரின் கதிரையே ஆடும். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே முடிவெட்டும் சலூனில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஊருக்கு விளக்கி வந்தவன் நான். அவளோ முன்பள்ளி ஆசிரியை. தவிசாளருக்கும் செயலாளருக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் அமர்வுக்குப் போகும் வழியில்தான் என்னிடம் கேட்டாள்.

அந்த அமர்வுக்கென்று அவளுக்கு நான் ஓர் உரை எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. எழுந்து, "எங்கடை ஒழுங்கைக்குள்ளை குப்பை ட்ரக்டர் ஏன் வாறேல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட்டாள். எங்கள் குறுந்தெரு வளைகிற முடக்கில் ட்ரக்டர் திரும்ப இடமில்லை என்றார் தவிசாளர். காணிக்காரர் இடம் விடச் சம்மதித்தால் சபையின் வேலைகள் குழுவில் பார்க்கலாம் என்றார். இதே பதிலை எனக்கும் எத்தனையோ தடவை எழுதி அனுப்பியிருந்தார்கள்.

முடக்கில் ஒரு பக்கம் எங்கள் மதில், மறுபக்கம் எதிர்வீட்டுக்காரரின் மதில். வேலியில் ஒரு கதியால் கம்பு தள்ளி நட்டதற்காக வருடக்கணக்கில் வழக்கென்று கோட்டுக்கு நடக்கிற ஆட்கள் நாங்கள். அவருக்கும் எனக்கும் அந்த மதில்களால்தான் பேச்சுவார்த்தை இல்லை. இவள் நேரே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "முதல் எங்கடை மதிலை இடிச்சு உள்ளுக்கை கட்டுறம், அண்ணை. பாத்துப்போட்டு நீங்கள் யோசியுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு விஷயம் தெரிந்தது மேசன் மதில் இடிக்க அலவாங்கோடு வாசல் படலையில் வந்து நின்றபோதுதான்.

"என்னைக் கேட்டனீரோ?" என்று கத்தினேன்.

"கேட்டால் நீங்கள் சட்டம் கதைப்பியள்" என்றாள்.

எங்கள் மதில் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் சில நாட்கள் படலையில் நின்று பார்த்தார். பிறகு தன் பக்கத்தையும் இடிக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பின் வேலைகள் குழு சம்மதித்தது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார், ட்ரக்டர் உள்ளே வந்தது. சாரதி எங்கள் வீட்டைத் தாண்டும்போது அவளுக்காகவே ஹோர்ன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காணியில் ஒரு துண்டு போயிருக்கிறது, புகழ் முழுக்க அவளுக்கு. ஆண்டாண்டாக மனு எழுதியவனை ஒருவரும் நினைக்கவில்லை.

வருடம் முடியப்போன நேரத்தில் இன்னொரு பயம் பிடித்தது. எதிரணி உறுப்பினர்கள்கூட "அக்காவே இருக்கட்டுமே" என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் சுயேச்சைக் குழுத் தலைவரும் என்னைக் கண்டால் வேறு கதை எடுத்தார். அவள் விலகமாட்டேன் என்று சொன்னால் நான் எந்த முகத்தோடு சலூனுக்குப் போவது? சாப்பாடு இறங்கவில்லை. வாய் திறந்து கேட்கவும் ரோசம் விடவில்லை.

அவளோ ஒரு நாள் பள்ளியால் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சருங்கோ, விலகல் கடிதம் குடுத்திட்டன். இனி நீங்கள் பாருங்கோ" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் கிடந்து ஏங்கிய ஒன்றை அவள் கைக்குட்டையைப் போலக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் ஆகக் கூடிய பொறாமை வந்தது.

என் முதல் அமர்வில் தவிசாளர் என்னை "எங்கடை அக்காவின்ரை அவர்" என்று சொல்லி வரவேற்றார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நான் நிலையியற் குழுக்களின் அதிகாரங்கள் பற்றி நீண்ட உரை ஆற்றினேன். பாதியில் ஒருவர் தொலைபேசியோடு வெளியே போனார். தவிசாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருந்தாலும் பெயர்ப் பலகையில் இருந்தது என் பெயர்தான், அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி படலையில் வந்து நின்றாள். நான் அமர்வுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா நிக்கிறாவோ?" என்றாள்.

"இப்ப நான்தான் மெம்பர். என்னெண்டு சொல்லுங்கோ."

"ஓம் அண்ணை, தெரியும். எங்கடை பக்கம் லைற் எரியுதில்லை. உங்களிட்டையும் சொல்லத்தானே வேணும்." தயங்கிவிட்டு, என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "முதல் அக்காவை ஒருக்கால் கூப்பிடுங்கோவன்."

வயிறு பற்றி எரிந்தது. சபைக்குப் போகும் விண்ணப்பத்தில் இனிக் கையெழுத்துப் போடப்போவது நான். அதை இவளுக்கு விளங்கப்படுத்தவும் என்னால் முடியும். ஆனாலும் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"இஞ்சரும், உம்மைத் தேடி ஆள் வந்திருக்கு."